பாட்டில்லாத படம்

"பாட்டு எப்போ வரும்?" என்று பெரியப்பா கேட்டார். இடைவேளைக்கு முன்னால் மூன்று தடவை கேட்டார். நான்காவது தடவை என்னைக் கேட்கவில்லை. எதிரே திரையைப் பார்த்தே கேட்டுவிட்டார். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

1961-ம் வருஷம் என்று நினைவு. எனக்குப் பன்னிரண்டு வயசு. திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில், சம்பா அறுத்துக் காய்ந்து கிடந்த வயலில் டூரிங் டாக்கிக் கொட்டகை போட்டிருந்தார்கள். படத்தின் பெயர் 'அந்த நாள்'. பட்டணத்தில் அது வெளியானது 1954 ஏப்ரல் 13-ந் தேதி. எங்களிடம் வந்து சேர ஏழு வருஷம் ஆகியிருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர்கூடக் கடைமடைக்கு அதைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

பாட்டு வரவேயில்லை. நடனம் இல்லை. கத்திச் சண்டை, குஸ்தி எதுவும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது வரப்பில் முன்னால் நடந்துகொண்டே, "அரையணாகூடப் பெறாத படம்" என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். அதில் அவருக்கு நிறையப் பேர் துணை. படம் வெளிவந்தபோதும் ஜனங்கள் அப்படித்தான் நினைத்தார்கள். பத்திரிகைகள் பாராட்டின, வசூல் பாராட்டவில்லை. அந்த வருஷத்து தேசிய விருதுகளில் வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ள'னுக்குப் போயிற்று. இதற்கு ஒரு நற்சான்றிதழ் கிடைத்தது.

இன்று இந்தப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியிலேயே 'பாட்டில்லாத முதல் தமிழ்ப் படம்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் சற்று மனத்தாங்கல் உண்டு. ஒரு மனிதரைப் பற்றிக் கேட்டால், 'அவருக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் கிடையாது' என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போல இருக்கிறது. இல்லாததைச் சொன்னால் போதுமா? இருப்பதைச் சொல்ல வேண்டாமா?

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1943 அக்டோபர் 11-ந் தேதி சென்னைமீது ஜப்பான் விமானம் குண்டு போட்டது. மறுநாள் காலை ராஜன் என்ற ரேடியோ இன்ஜினீயர் தம் வீட்டில் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். துப்பறியும் அதிகாரி சிவானந்தம் வருகிறார். அடுத்த வீட்டுக்காரர் சின்னையா, ராஜனின் தம்பிமேல் கை காட்டுகிறார். தம்பி தன் மனைவியையே காட்டுகிறான். அவள், ராஜனோடு தொடர்பு வைத்திருந்த அம்புஜத்தைக் காட்டுகிறாள். அம்புஜம் சின்னையாவைக் காட்டுகிறாள். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று. பாக்கி இருப்பவள் ராஜனின் மனைவி உஷா ஒருத்திதான்.

டைரக்டர் எஸ். பாலசந்தருக்கு அப்போது இருபத்தேழு வயசு. 1952-ல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' காட்டப்பட்டது. அதைப் பார்த்த வேகத்தில்தான் இது பிறந்தது என்பார்கள். பிறந்திருக்கலாம். ஆனால் அது வேறு, இது வேறு. 'ராஷோமோ'னில் ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள்; கடைசி வரை எது நிஜம் என்று தெரியாது. 'அந்த நா'ளில் ஒவ்வொருவரும் வெவ்வேறு சம்பவத்தைச் சொல்கிறார்கள். சம்பவம் பொய்யாகக்கூட இல்லை. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் அவரவர் சௌகரியத்துக்கு வளைகிறது. சொத்துத் தகராறைப் பார்த்தவர் சொத்துக்காகக் கொலை என்கிறார். சபலத்தைப் பார்த்தவர் சபலத்துக்காகக் கொலை என்கிறார். பழி சொல்கிறவனின் முகம் தெரிகிற அளவுக்கு, பழி சுமக்கிறவனின் முகம் தெரிவதில்லை. ஜாவர் சீதாராமன் வசனமும் எழுதி, சிவானந்தமாகவும் வருகிறார். அந்த அதிகாரி அதிகம் பேசாமல் காது கொடுக்கிறாரே, அந்த நடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மாருதி ராவின் காமிரா, வீட்டுக்குள்ளேயே இருட்டையும் வெளிச்சத்தையும் பங்கு பிரித்து வைக்கிறது.

படம் எடுத்த கதையும் படத்துக்குக் குறைந்ததில்லை. ராஜனாக முதலில் நடித்தவர் கல்கத்தாவில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த என். விசுவநாதன். கணிசமான பகுதி எடுத்தாகிவிட்டது. ஏவி. மெய்யப்பன் போட்டுப் பார்த்தார், திருப்தியில்லை. எடுத்ததைத் தள்ளிவிட்டு, சிவாஜி கணேசனைக் கொண்டுவந்து மறுபடி எடுக்கச் சொன்னார். இளம் டைரக்டருக்கு இது கசப்பாகத்தான் இருந்தது. செலவான பிலிமை நினைத்தால் எந்த முதலாளிக்கும் வயிறு எரியும். மெய்யப்பனோ இன்னும் செலவழித்தார். சீட்டாட்டத்தில் தோற்ற பணத்தை மீட்க மேலும் பணம் கட்டுகிறவர்களை எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவே அதற்கு ஓர் உதாரணம். அவர்களில் யாரும் ஜயித்ததில்லை. மெய்யப்பன் அன்றைக்கு வசூலில் ஜயிக்கவில்லை. படத்தில் ஜயித்தார் என்பதே என் அபிப்பிராயம்.

காரணம் இது. முகம் தெரியாத ஒருவர் ராஜனாக வந்திருந்தால், செத்துக் கிடக்கிறவனையே நாம் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்திருப்போம். சிவாஜியை அப்படிப் பார்க்க முடியுமா? அதுவும் எங்கள் ஜில்லாவில்! சூரக்கோட்டை தஞ்சாவூருக்குப் பக்கம். அவர் எங்கள் வீட்டுப் பிள்ளை. 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்த மனிதர் படம் தொடங்கிய சில நிமிஷங்களில் செத்துவிடுகிறார். கொட்டகையில் ஒரு முனகல் எழுந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு ஒவ்வொரு சாட்சியின் வாய்வழியாகவும் அவர் எழுந்து வருகிறார். ஒவ்வொரு தடவையும் அவர் பக்கமே நியாயம் இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். கடைசியில் அவர் எதிரிக்கு ரகசியம் விற்றவர் என்று தெரியும்போது, ஏமாந்தது உஷா மட்டுமல்ல. 'பராசக்தி'யில் அதே பண்டரிபாயை அவருக்கு ஜோடியாகப் பார்த்த நாமும்தான்.

அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றித்தான் எனக்குச் சண்டை.

ராஜன் ஏன் துரோகியானான்? ஏழைகள் வாங்கக்கூடிய மலிவான ரேடியோ செய்ய ஆசைப்பட்டான், சர்க்காரிடம் உதவி கேட்டான், கிடைக்கவில்லை. அந்தக் கசப்பிலிருந்து அவன் வழுக்குகிறான். எவ்வளவு நல்ல விதை! அதை ஊன்றிவிட்டு, வசனகர்த்தா அவசர அவசரமாக அதன்மேல் தேசபக்திப் பிரசங்கத்தைக் கொட்டி மூடிவிடுகிறார். இன்னொரு கேள்வி பதில் இல்லாமல் நிற்கிறது. 1943-ல் எந்த சர்க்கார்? வெள்ளைக்கார சர்க்கார். சென்னையில் குண்டு விழுந்து பத்தே நாளில், அக்டோபர் 21-ந் தேதி, சிங்கப்பூரில் சுபாஷ் போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அவருடைய படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு ஜப்பான் எதிரி அல்ல, துணை. ராஜனைத் துரோகி என்று சொல்ல வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. காசுக்கு விற்றவன் வேறு, கொடிக்குப் போனவன் வேறு. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு புத்திசாலி இளைஞன் மனசு இரண்டுபட்டிருக்க இடமுண்டு என்ற சந்தேகமாவது படத்துக்கு இருந்திருக்கலாம். நாலு சாட்சிகளைச் சந்தேகித்த கதை, சர்க்காரைச் சந்தேகிக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் பாண்டிச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் பழைய பிரெஞ்சுப் படம் ஒன்று பார்த்தேன். ழான் பியேர் மெல்வில் எடுத்து 1956-ல் வெளியான 'பாப் ல ஃப்ளாம்பர்'. சூதாடியான பாப், தோவில் என்ற கடற்கரை ஊரின் சூதாட்ட மாளிகையில் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறான். உள்ளே போய் நேரத்தைப் போக்கச் சற்று ஆட உட்காருகிறான். வாழ்க்கை முழுதும் வராத அதிர்ஷ்டம் அன்றைக்குப் பார்த்து வருகிறது. ஜயித்துக்கொண்டே போகிறவன், கொள்ளையடிக்க வந்ததையே மறந்துவிடுகிறான்! வெளியே போலீஸ், அவனை நம்பிய பையன் குண்டு பட்டுச் சாகிறான், பாப் ஜயித்த பணத்தையோ மாளிகைச் சிப்பந்திகள் பத்திரமாகக் காரில் ஏற்றுகிறார்கள். மெல்விலுக்கு ஏவி.எம். போல முதலாளி கிடையாது. கையில் பணம் கிடைத்தபோதெல்லாம் விட்டுவிட்டுப் படம் பிடித்தார். பாரீஸின் விடியற்காலைத் தெருக்களை ஹென்றி தெக்காவின் காமிரா அப்படியே வாரிக்கொண்டது. இத்தனைக்கும் மெல்வில், ஜெர்மானியர்களை எதிர்த்து ரகசியப் போராட்டத்தில் இருந்தவர். தேசபக்தியைப் பற்றிப் பிரசங்கம் செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு. ஒரு வார்த்தை பேசவில்லை. போலீஸ் அதிகாரியையும் திருடனையும் சிநேகிதர்களாக உட்காரவைத்துவிட்டு, நம்மைப் பார்க்கச் சொல்கிறார். பாலசந்தருக்கு இந்தத் துணிச்சல் இருந்திருந்தால் என்று தோன்றியது. பாட்டை எடுத்தெறியத் துணிந்தவருக்குப் பிரசங்கத்தை எடுத்தெறியத் துணிவில்லை.

இப்படித்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் மறுபடி பார்த்தபோது, பேச்சை விட்டுவிட்டுப் பண்டரிபாயின் முகத்தை மட்டும் பார்த்தேன். மற்றவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லும்போதெல்லாம் அவள் துக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கிறாள். வீடு முழுவதும் பொய்யும் பாதி உண்மையுமாகச் சத்தம் போடுகிறது. முழு உண்மையும் தெரிந்தவள் வாய் திறக்கவில்லை. முடிவு தெரிந்து பார்த்தால் அந்த மௌனம் பயங்கரமாக இருக்கிறது. பன்னிரண்டு வயசில் அதை நான் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய அவசியம் அதற்கடுத்த வருஷம்தான் வந்தது.

மார்கழி மாசம். கதிர் பால் பிடிக்கிற சமயம். வாய்க்காலில் தண்ணீர் மட்டு. ஊரில் முறை வைத்துப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கடைமடைக்காரர்களின் முறையன்று ராத்திரி யாரோ கரையை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்துக் கூடியது. ஒருவர் இன்னொருவரைச் சொன்னார். அவர் மூன்றாமவரைச் சொன்னார். எல்லோருக்கும் ஏதோ ஒரு பழைய பாக்கி இருந்தது. கடைசியில் பெரியப்பா எழுந்து, எங்கள் பண்ணையில் வேலை செய்த ஒருவரின் பெயரைச் சொன்னார். மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போனதைத் தாமே பார்த்ததாகச் சொன்னார். பெரிய மனிதர் வார்த்தை. அபராதம் போட்டார்கள். கட்ட வழியில்லாமல் அந்த மனிதர் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போனார். எந்த ஊருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

கரை வெட்டுப்பட்ட ராத்திரி பெரியப்பா வீட்டுக்கு வந்தபோது நான் திண்ணையில் விழித்துக் கிடந்தேன். வேஷ்டியில் முழங்கால் வரை சேறு. விடிவதற்கு வெகு நேரம் முன்னால் கொல்லைக் கிணற்றில் ராட்டினம் கிரீச்சிட்டது. பெரியம்மா துவைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"போய்ப் படுடா. பனி கொட்டறது" என்றாள்.

அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம் பெரியம்மா உயிரோடிருந்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. உஷா பேசுகிறாளே, அது நாடகத்தனம் என்று நாற்பது வயசில் எழுதினேன். இப்போது அந்த வாக்கியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வசனம் நீளம்தான், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் கொல்லைக் கிணற்றடியில் அந்த வசனத்தில் கால்வாசி பேசப்பட்டிருந்தால் ஒரு குடும்பம் ஊரில் இருந்திருக்கும்.

பாலசந்தரைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குப் பின் 'பொம்மை', 'நடு இரவில்' போன்ற மர்மப் படங்களை எடுத்துவிட்டு அவர் சினிமாவை விட்டே போய்விட்டார். குரு என்று ஒருவர் இல்லாமல் தாமாகக் கற்ற வீணையே அவருக்குக் கடைசி வரை துணை. பாட்டில்லாத படம் எடுத்தவருக்கு உலகம் முழுவதும் பெயர் வந்தது சங்கீதத்தில்! 1990-ல் ஏப்ரல் 13-ந் தேதி காலமானார். 'அந்த நாள்' வெளியான அதே தேதி. தஞ்சாவூரில் பலாக்கட்டையைக் குடைந்து வீணை செய்கிறவர்கள் இருக்கும் தெருவில் ஒருநாள் ஒரு கிழவரிடம் அவரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். வாசிப்பைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார். படமும் எடுத்திருக்கிறாரே என்றேன்.

"ஆமாம், பார்த்திருக்கேன்" என்றார் கிழவர். உளியைக் கீழே வைக்காமலே கொஞ்சம் யோசித்தார். "அதுல அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் சொல்லாம இருக்குமே, அதுதானே?"