அப்பா பேரில் ஒரு ஆல்பம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு இது புதுசு இல்லை. ஆண்டாள் தன் பாசுரங்களின் முடிவில் பெரியாழ்வாரின் பட்டப்பெயரோடு சேர்த்துத்தான் தன் பெயரைப் பதிக்கிறாள். லண்டன் ராப் பாடகி எம்.ஐ.ஏ., அதாவது மாதங்கி அருள்பிரகாசம், 2005-ல் தன் முதல் ஆல்பத்துக்கே அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார்: 'அருளர்'. பெரியாழ்வார் கூடவே இருந்து வளர்த்த அப்பா. இவருடைய அப்பாவோ ஈழப் போராட்டத்துக்காக வீட்டை விட்டு விலகி இருந்தவர். அங்கே அது கையெழுத்து; இங்கே கூப்பிடுற குரல்.

அந்த வருஷ மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் இடம்பிடித்த ஆல்பம் இது. பெயர்தான் தமிழ்; தொடக்கமே 'பனானா' என்று ஒரு ஆங்கிலப் பாடம். பெரும்பாலும் மெஷின் தாளம். ராஜபாளையம் பக்கம் திருவிழாவில் உறுமி கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் நம்ம சத்தம் கிடைக்காது. உறுமி வருவது 2007-ல், அம்மா பெயரில் வந்த 'கலா'வில். இதைக் குறையா நான் பார்க்கல. சின்ன வயசில் அகதியா லண்டன் போன பிள்ளைக்கு முதல் போராட்டமே ஆங்கிலத்தோடுதானே?

என் குறை அட்டைப்படத்தில். அதில் புலி, டாங்கி, குண்டு எல்லாம் இருக்கு. ஆனா அருளர் 1975-ல் லண்டனில் தொடங்கிய ஈரோஸைச் சேர்ந்தவர். புலிகள் வேறு இயக்கம். வெள்ளைக்கார ரசிகருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். நமக்கு அப்படித் தெரியக் கூடாது. அப்பாவைத் தேடிப் போட்ட ஆல்பத்தின் அட்டையில் அப்பாவின் அரசியலே காணோம்.

பாட்டுகளில் அந்தக் குழப்பம் குறைவு. கேட்காதவங்க 'கலாங்'கிலிருந்து ஆரம்பிங்க.