நகைக்கப்பட்ட வழக்கும் நகைக்கும் வழக்கும்: பானு பந்தோபாத்யாயின் திரைப்பேச்சு

1. நோக்கம்

குணச்சித்திர நடிகர்களைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் முகபாவத்தையும் அங்க அசைவையுமே பேசுகின்றன. அவர்களது பேச்சுமொழி தனியே ஆராயப்படுவது அரிது. வங்காளத் திரையுலகின் பானு பந்தோபாத்யாய் (1920–1983) இக்குறையை நினைவூட்டும் நடிகர். கொல்கத்தாவில் எடுக்கப்பட்ட படங்களில் டாக்கா வழக்கைப் பேசிப் புகழ்பெற்றவர் அவர். நெடுங்காலம் நகைப்புக்கு இலக்காக இருந்த ஒரு கிளைமொழி அவர் வாயில் பிறரைப் பார்த்து நகைக்கும் உரிமையைப் பெற்றது என்பதும், அம்மாற்றத்தை மொழிபெயர்ப்பில் காப்பது ஒலிகளைப் பெயர்ப்பதினும் கடினம் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

2. வாழ்வும் வழக்கும்

பானுவின் இயற்பெயர் சாம்யமய். இன்றைய வங்காளதேசத்தைச் சேர்ந்த விக்ரம்பூர்ப் பகுதியிலுள்ள முன்ஷிகஞ்சில் 1920 ஆகஸ்டு 26 அன்று பிறந்தார். டாக்காவில் கல்வி பயின்றபோது இயற்பியலறிஞர் சத்யேந்திரநாத் போஸின் அன்புக்குரியவராக விளங்கினார். 1941இல் கொல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து இரும்பு, எஃகுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பணிபுரிந்தார். 1943இல் வெளிவந்த நகைச்சுவை இசைத்தட்டு அவரது டாக்காப் பேச்சை ஊரறியச் செய்தது. 1947இல் 'ஜாகரண்' படத்தின் வழியாகத் திரைக்கு வந்தார். 1953இல் நிர்மல் டே இயக்கிய 'ஷாரே சுவாத்தர்' அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, கற்றோரின் பொதுமொழி அவருக்கு எட்டாத ஒன்றன்று. ஆகவே, டாக்கா வழக்கு அவர் தெரிந்து மேற்கொண்ட தேர்வு. இரண்டாவது, அவர் கொல்கத்தாவுக்கு வந்தது நாட்டுப் பிரிவினைக்கு முன்பு. 1947க்குப் பின் இலட்சக்கணக்கான கிழக்கு வங்காளத்தவர் அகதிகளாக அந்நகருக்கு வந்து சேர்ந்தபோது, அவருடைய பேச்சு தானே மாறாமல் புதிய பொருளைப் பெற்றது. அதுகாறும் வெளியூரானின் பேச்சாக இருந்தது, திரையரங்கில் அமர்ந்திருந்தவர்களுள் ஒரு பெரும்பகுதியினரின் வீட்டுப் பேச்சாயிற்று.

3. முன்மரபு

கிழக்கு வங்காளத்தவரைப் 'பாங்கால்' என அழைத்து எள்ளும் மரபு கொல்கத்தா மேடையில் பழையது. தீனபந்து மித்ரா 1866இல் வெளியிட்ட 'சதபார் ஏகாதசி' நாடகத்தில் ராம்மாணிக்யன் என்னும் பாங்கால் வருகிறான். கொல்கத்தாக்காரனாக மாற அவன் பெரிதும் முயல்கிறான். அவனுடைய நாவே அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அங்கே நகைப்பு அவன் அடைய முடியாத பொதுமொழியிலிருந்து பிறக்கிறது.

'ஷாரே சுவாத்தர்' படத்தின் கேதார் அவ்வாறான பாத்திரம் அல்லன். அன்னபூர்ணா விடுதியில் தங்கியிருப்போருள் துடுக்கு மிக்கவன் அவன். பொதுமொழிக்கு மாற அவன் முயல்வதில்லை; மாற வேண்டும் என்னும் எண்ணமும் அவனிடம் தென்படுவதில்லை. பிறரைச் சீண்டுவதும் தனக்கு வேண்டியதைக் கேட்பதும் அவ்வழக்கிலேயே நிகழ்கின்றன. கிளைமொழி இங்குக் குறைபாட்டின் அடையாளமாக இல்லாமல் பேசுவோனின் கருவியாக அமைகிறது.

4. இலக்கணக் கூறுகள்

மால்போவா என்னும் இனிப்பைக் கேதார் கேட்குமிடம் வங்காளிகள் இன்றும் நினைவுகூர்வது. அக்காட்சியின் உயிர் ஒரு வினைமுற்றில் உள்ளது. 'சாப்பிடுவேன்' என்பதற்குப் பொதுமொழியில் 'காபோ' என வரும். டாக்கா வழக்கில் 'காமு' என வரும். பகுதி ஒன்றே; தன்மை எதிர்கால ஈறு மட்டும் வேறு. பொருள் விளங்குவதில் எவர்க்கும் இடர்ப்பாடில்லை. பேசுவோனின் ஊர் மட்டும் உடனே வெளிப்படுகிறது. அறியாத சொற்கள் மிகுந்தால் பார்வையாளர் நகைக்க இயலாது. எனவே, திரையின் கிளைமொழிக்குச் சொற்களஞ்சிய வேறுபாட்டினும் ஈற்று வேறுபாடே பெரிதும் உதவுகிறது.

மற்றொரு கூறு வரலாற்று நோக்கில் சிறப்புடையது. 'செய்து' என்னும் பொருள்பட எழுத்துமொழியில் 'கொரியா' எனவும், கிழக்கு வழக்கில் 'கொய்ரா' எனவும், பொதுப் பேச்சில் 'கொரே' எனவும் வழங்கும். கிழக்கு வடிவில் இகரம் முன்னே நகர்ந்து நிற்கிறது. பொதுமொழி வடிவம் அந்நிலையைக் கடந்து சுருங்கியது. இவ்வொலி மாற்றங்களை சுனிதி குமார் சாட்டர்ஜி 1926இல் வெளியிட்ட வங்காள மொழி வரலாற்று நூலில் விளக்கினார். இதனால் பெறப்படுவது, கொல்கத்தா எள்ளிய வடிவம் கொல்கத்தாப் பேச்சே ஒருகாலத்தில் கடந்துவந்த படிநிலைக்கு நெருக்கமானது என்பதாகும்.

5. மதிப்பீடு

எனினும் பானுவின் வெற்றிக்கு ஓர் எல்லை உண்டு. அதே படத்தில் உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் முதன்முறையாக இணைந்து நடித்தனர். அவர்களது காதல் பொதுமொழியில் நிகழ்கிறது. கேதாரின் பசி டாக்கா வழக்கில் பேசுகிறது. கதைத்தலைவனுக்கு ஒரு மொழி, துணைவனுக்கு ஒரு மொழி என்னும் பங்கீட்டைப் பானு மீறவில்லை. 'பானு பேலோ லாட்டரி' (1958), 'பானு கோயேந்தா ஜஹர் அசிஸ்டென்ட்' (1971) ஆகிய படங்களின் தலைப்பிலேயே அவர் பெயர் இடம்பெற்றது. துணைநடிகர் ஒருவர்க்கு இது அரிய பேறு. ஆயினும் அவ்வுயர்வு நகைச்சுவை என்னும் வேலிக்குள்ளேயே கிட்டியது.

கிழக்கு வழக்கு துயரத்தையும் தாங்கும் என்பதை ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா' (1960) காட்டியது. அப்படத்தில் அகதிக் குடும்பத்தின் தந்தையாக நடித்த பிஜன் பட்டாச்சார்யாவே 'ஷாரே சுவாத்தர்' படத்தின் கதாசிரியர் என்பது நோக்கத்தக்கது. பானு அவ்வழக்கைப் பெருந்திரளான மக்களின் செவிக்கு முன்னரே பழக்கியிருந்தார். அச்செவி இல்லாமல் கட்டக்கின் துயரம் சென்று சேர்ந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது.

6. மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு

பானு நடித்த 'ஜமாலயே ஜீவந்த மானுஷ்' (1958) தமிழில் கே. ஏ. தங்கவேலு நடிக்க 'நான் கண்ட சொர்க்கம்' (1960) ஆயிற்று. உயிருடன் எமலோகம் சென்றவனின் கதை எளிதில் எல்லை கடந்தது. பானு என்ற பெயரைக் கேட்டவுடன் கொல்கத்தாப் பார்வையாளர் மனத்தில் எழும் டாக்கா நினைவு கடக்கவில்லை, அதற்கு வழியுமில்லை.

கேதாரின் பேச்சைத் தமிழாக்க முனைவோர் எவ்வழக்கைத் தேர்வது? நெல்லை வழக்கோ கொங்கு வழக்கோ ஊரைக் காட்டும், இடப்பெயர்வைக் காட்டாது. யாழ்ப்பாண வழக்கு இலக்கண அளவில் வியப்பூட்டும் பொருத்தம் உடையது. 'சாப்பிடுவேன்' என்பது அங்கு 'சாப்பிடுவன்' ஆகிறது. 'காமு' போலவே இங்கும் மாறுவது தன்மை எதிர்கால வினையின் ஈறு. 'அன்' ஈற்றை நன்னூல் தன்மை ஒருமை விகுதிகளுள் ஒன்றாகக் கூறுவதால் தொன்மையும் ஒத்துவருகிறது.

பொருத்தம் இவ்வளவில் முடிகிறது. 1983க்குப் பின் அவ்வழக்கு தமிழ் வாசகரிடம் போரையும் இழப்பையும் நினைவூட்டுவது. அதனைத் தமிழகத் திரையில் நகைச்சுவைக்கு எடுத்துக்கொண்ட 'தெனாலி' (2000) இங்கு ஒப்பிடத்தக்கது. அப்படத்தில் கமல்ஹாசன் அவ்வழக்கைப் பயின்று பேசினார்; பானு தாய்மொழியைப் பேசினார். தெனாலி எதற்கும் அஞ்சும் நோயாளி. கேதார் எவர்க்கும் அஞ்சாதவன். ஒரே வகையான வழக்கு அச்சத்தோடு இணையும்போது இரக்கம் கலந்த நகைப்பும், துணிவோடு இணையும்போது தோழமை நகைப்பும் பிறக்கின்றன.

ஆதலின், மொழிபெயர்ப்பாளர் முதலில் தேர வேண்டியது பேசுவோன் கேட்போருடன் கொண்டுள்ள உறவு. வழக்கு அதன்பின் வருவது. யாழ்ப்பாண வழக்கைத் தேர்வோர் ஈறுகளைப் பெயர்த்ததோடு அமையாமல், கேதாரின் துடுக்கு ஒவ்வோர் உரையாடலிலும் குன்றாதிருக்கிறதா என்று சரிபார்த்தல் வேண்டும். அத்துடுக்கு குன்றுமாயின், ஈறுகள் அனைத்தும் பொருந்தியிருந்தாலும் தமிழில் பேசுவோன் 1866ஆம் ஆண்டின் ராம்மாணிக்யனாகவே இருப்பான்.