சி++: திரும்பி வருகிறவர்களின் கவனத்துக்கு

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி லேப்களில் படித்த ஒரு தலைமுறைக்கு சி++ என்றால் நீலத் திரையும் மஞ்சள் எழுத்தும்தான். போர்லாண்டு நிறுவனத்தின் டர்போ சி++ 3.0. முதல் வரியில் ஐயோஸ்ட்ரீம் டாட் ஹெச், அடுத்து கோனியோ டாட் ஹெச், பிறகு வாய்டு மெயின், கடைசியில் வெளியீடு மறைந்துவிடாமல் திரையை நிறுத்திவைக்க ஒரு கெட்ச். அந்த மென்பொருள் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. சி++-க்கு முதல் சர்வதேசத் தரநிலை வெளியானதோ 1998-இல். ஆக, ரெக்கார்டு நோட்டில் எழுதி எக்ஸ்டர்னலிடம் கையெழுத்து வாங்கியதெல்லாம் தரநிலைக்கு முந்தைய சி++. அதில் நேம்ஸ்பேஸ் இல்லை, பூல் இல்லை, ஸ்டாண்டர்டு லைப்ரரியின் வெக்டரும் மேப்பும் இல்லை. ஓர் இன்ட் 32767-ஐத் தாண்டினால் மைனஸுக்குப் போய்விடும்.

அப்படிப் படித்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனதும் ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் மாறிவிட்டார்கள். இப்போது சிலர் திரும்புகிறார்கள். காருக்குள் ஓடும் மென்பொருள், கேம் எஞ்சின், பங்குச் சந்தையின் அதிவேக வர்த்தகம் என்று சி++ விட்டுக்கொடுக்காத துறைகள் முன்பே இருந்தன. 2023-இல் லாமா.சிபிபி வந்து, பெரிய மொழி மாதிரிகளைச் சாதாரண லேப்டாப்பிலேயே ஓட்டிக் காட்டியது. பைத்தான்காரர்கள் நம்பியிருக்கும் பைடார்ச்சின் உட்பகுதியும் சி++தான். திரும்புகிறவர்களுக்கு எல்லோரும் காட்டும் வழி ‘மாடர்ன் சி++’. 2011-இல் தொடங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கும் பதிப்புகள் இவை: சி++11, 14, 17, 20, 23. பழையதை மறந்துவிடு, இங்கிருந்து ஆரம்பி என்கிறார்கள். இந்த அறிவுரையில் பாதி சரி.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். ஒரு ஃபங்ஷன் நியூ போட்டு மெமரி வாங்குகிறது. நடுவில் நாலு இடத்தில் ரிட்டர்ன் ஆகிறது. டெலிட் கடைசி வரியில் இருக்கிறது. மூன்றாவது ரிட்டர்ன் வழியாக வெளியேறினால் அந்த மெமரி திரும்ப வராது. இதைத் தேடி ராத்திரிகளைத் தொலைத்தவர்கள் உண்டு. அதே இடத்தில் யூனிக் பாயிண்டர் போட்டால், எந்த வாசல் வழியாக வெளியேறினாலும் மெமரி தானாகவே விடுவிக்கப்படுகிறது. டெலிட் என்ற சொல்லே நிரலில் இருக்காது. இதன் அடிப்படையான டிஸ்ட்ரக்டர், பியார்ன் ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் பெல் லேப்ஸில் 1979-இல் இந்த மொழியைத் தொடங்கிய காலத்துச் சிந்தனைதான். அதை முழுதாகப் பயன்படுத்த 2011-இல் வந்த மூவ் வசதி தேவைப்பட்டது. ஒரு பொருளின் உரிமையை, நகல் எடுக்காமல், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்ற அதற்குமுன் நேர்வழி கிடையாது. ஆட்டோ, லாம்டா, புது ஃபார் லூப் எல்லாம் எழுதும் சிரமத்தைக் குறைப்பவை, நல்லவைதான். ஆனால் திரும்பி வருவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், உரிமை யாரிடம் என்பதை நிரலிலேயே எழுதிக்காட்ட முடிவதைத்தான் நான் சொல்வேன்.

இனி மறு பாதி. பழைய ரெக்கார்டு நோட்டின் நிரல் ஒன்றை இன்றைய ஜிசிசி கம்பைலரில் போட்டுப் பாருங்கள். ஐயோஸ்ட்ரீம் டாட் ஹெச் இல்லை என்று நிற்கும். லினக்ஸ் என்றால் கோனியோவும் இல்லை என்னும். வாய்டு மெயின் கூடாது, இன்ட் மெயின்தான் வேண்டும் என்று அதட்டும். அந்த நாலு வரியைத் திருத்திவிடுங்கள். கீழே இருக்கும் நாற்பது எழுத்து கேரக்டர் அரே, அதில் அளவு பார்க்காமல் கொட்டும் ஸ்டிரிங் காப்பி, டெலிட் இல்லாத நியூ எல்லாம் மூச்சுக்காட்டாமல் கம்பைல் ஆகும். பரீட்சையில் மார்க் குறைக்கக்கூடத் தகுதியில்லாத தப்புகளைக் கம்பைலர் தடுக்கிறது. சர்வரையே கவிழ்க்கக்கூடியவற்றைக் கும்பிட்டு அனுப்புகிறது.

இது கவனக்குறைவால் வந்ததில்லை, கொள்கை. பைத்தான் 3 வந்தபோது பழைய நிரல்கள் உடைந்தன. 2008-இல் வந்த அந்தப் பதிப்புக்கு எல்லோரும் மாறி முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது; பைத்தான் 2-க்கான ஆதரவு 2020-இல்தான் நின்றது. பெர்ல் 6 அதன் முன்னோடியை விட்டு விலகிப் போய், 2019-இல் ராக்கு என்று பெயரையே மாற்றிக்கொண்டது. சி++ தரநிலைக் குழு அந்தப் பக்கமே போகவில்லை. கெட்ஸ், ஆட்டோ பாயிண்டர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத்தான் நீக்கினார்கள். வீட்டுக்குள் புதுக் குழாய் போட்டார்கள், கிணற்றை மூடவில்லை. முப்பது வருஷத்து நிரலை வைத்துப் பிழைப்பு நடத்தும் நிறுவனங்களுக்கு இது பெரிய உதவி. இதற்கு விலையும் உண்டு: தரநிலை ஆவணம் 1998-இல் 700-க்கும் சற்று அதிகமான பக்கங்கள். சி++20-இல் அது 1800-ஐத் தாண்டிவிட்டது. அத்தனையும் தெரிந்தவர் எவரும் இருப்பதாக நான் நம்பவில்லை.

ஆகவே ‘மாடர்ன்’ என்பது ஒரு குழு தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு. ஸ்ட்ரவ்ஸ்ட்ரப்பும் ஹெர்ப் சட்டரும் 2015-இல் வெளியிட்ட கோர் கைட்லைன்ஸ் நீண்ட, பயனுள்ள ஆவணம். அதன்படி நடக்காதவனை மொழி எதுவும் செய்யாது. குழுவில் ஒருவர் யூனிக் பாயிண்டர் எழுத, பக்கத்து சீட்டுக்காரர் அதிலிருந்து வெறும் பாயிண்டரை உருவி எங்கோ சேமித்துவைப்பார். இரண்டும் ஒரே ஃபைலில் சமாதானமாக இருக்கும், ஒருநாள் வெடிக்கும்வரை.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றித் திரும்பி வருகிறவர்களிடம் யாரும் எச்சரிப்பதில்லை. புதிய வசதிகளிலேயே பழைய கத்திகள் இருக்கின்றன. சி++17 தந்த ஸ்டிரிங் வியூவை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளை நகலெடுக்காமல் எட்டிப் பார்க்கும் கருவி அது, வேகமானது. இரண்டு ஸ்டிரிங்குகளைக் கூட்டி, விடையை ஒரு ஸ்டிரிங் வியூவில் வைத்தால் கம்பைல் ஆகும். ஆனால் கூட்டிக் கிடைத்த ஸ்டிரிங் தற்காலிகமானது. அந்த வரி முடிந்ததும் அழிந்துவிடும். வியூ காலி மனையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த வரியில் அச்சடித்தால் சில சமயம் சரியாகவே வரும், அதுதான் வினை. வெக்டரை எடுத்தாலும் இப்படித்தான்: சாதா அடைப்புக்குள் 10, 20 என்று கொடுத்தால் இருபதுகளாகப் பத்து உறுப்புகள் கிடைக்கும், நெளிவு அடைப்புக்குள் கொடுத்தால் பத்து, இருபது என்ற இரண்டே உறுப்புகள். பழைய நாளில் பாயிண்டரின் நட்சத்திரக் குறியைப் பார்த்தாலே கை தானாக மெதுவாகும். ஸ்டிரிங் வியூவின் முகத்தில் அந்த எச்சரிக்கை இல்லை. புதியது என்பதாலேயே பத்திரமானது என்று நினைத்து வருகிறவர் இங்கேதான் விழுகிறார்.

கருவிகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சிமேக் எழுதியவர்களுக்குத் தெரியும். லைப்ரரிகளை இறக்கி நிரலைக் கட்ட, ரஸ்ட்டின் கார்கோ மாதிரி எல்லோருக்கும் பொதுவான ஒரு ஏற்பாடு இன்றும் சி++-இல் இல்லை. சி++20-இல் வந்த மாட்யூலைப் பல திட்டங்கள் இன்னும் தொடவேயில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் வெளியிலிருந்தும் அழுத்தம் வந்தது. தான் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி பிழைகளால் வருபவை என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. 2022-இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையும், 2024-இல் வெள்ளை மாளிகையும் மெமரி பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறச் சொல்லின. இதற்கு சி++ தரப்பின் பதில்களில் எனக்கு மிகவும் உருப்படியாகத் தோன்றுபவை சி++26-க்காக ஏற்கப்பட்ட இரண்டு மாற்றங்கள். மதிப்பு வைக்காத மாறியைப் படித்தால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற பழைய விதி போகிறது. வெக்டரின் எல்லை தாண்டினால் அங்கேயே நிரலை நிறுத்தும் கண்டிப்பான லைப்ரரி வருகிறது. இப்படி ஒரு லைப்ரரியைக் கூகுள் தன் சர்வர்களில் முன்பே ஓட்டிப் பார்த்தது. சராசரி வேக இழப்பு ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு என்றது. யாரும் புது நடை கற்க வேண்டியதில்லை, பழைய நிரலை மறுபடி கம்பைல் செய்தால் போதும். ‘மாடர்ன்’ என்ற பதினைந்து வருஷத்துப் பிரச்சாரம் எட்டாத மூலைக்கும் இது எட்டும்.

கையில் ஏற்கெனவே சி++ நிரல் இருக்கிறது, அதைப் பராமரிப்பதுதான் வேலை என்றால் மாடர்ன் சி++ வழியாகத் திரும்புவது நியாயம். இணையத்திலிருந்து யார் யாரோ அனுப்பும் தரவைப் படிக்கிற சேவை ஒன்றைப் புதிதாக எழுதப் போகிறவர் சி++-க்கு வரக் காரணம் எனக்குத் தெரியவில்லை. ரஸ்ட்டோ கோவோ போதும். வருவதென்று முடிவெடுத்தவர் லாம்டாவைப் படிக்கும் முன்பே கம்பைலரின் எச்சரிக்கைகள் முழுவதையும் திறந்துவிட்டு, அட்ரஸ் சானிடைசரைப் போட்டுக்கொண்டு உட்காரட்டும். மேலே சொன்ன ஸ்டிரிங் வியூ தப்பை ஓட்டிப் பார்த்த உடனே அது பிடித்துக்கொடுக்கும்.