காரும் காரீயமும்: ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்களின் அழகியல் குறித்துச் சில குறிப்புகள்

'இந்த இதழில் காரைப் பற்றி என்னய்யா கட்டுரை?' என்று கேட்கப்போகிற நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. படித்தது தமிழ் எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குக் கார் என்றதும் மேகமும் முல்லைத் திணையின் பெரும்பொழுதும்தான் ஞாபகம் வரும். ஆனால் இரண்டு வருடமாக என் அக்கா மகன் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி அள்ளிவிடும் தீர்ப்புகளைக் கேட்டும், அவன் சேர்த்து வைத்திருக்கிற பத்திரிகைகளைப் புரட்டியும் பார்த்ததில், இந்தச் சொல்லாடல் நம் இலக்கிய விமர்சனத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதாகப் பட்டது. அங்கேயும் செவ்வியல் உண்டு, மரபு உண்டு, மரபுத் துரோகம் உண்டு, 'அதோட எல்லாம் முடிஞ்சு போச்சு' என்கிற பெருமூச்சு உண்டு. தரம் பிரிக்கிற அதிகாரம் தங்களிடமே இருக்கிறது என்று நம்பும் ஒரு சிறு கூட்டமும் உண்டு. (சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது புதிதல்ல.)

இவர்களுடைய கலைச்சொற்கள் பெரும்பாலும் உடலிலிருந்து வருகின்றன. தோள், இடுப்பு, தொடை, கண், உதடு. இந்தச் சொற்கள் விழும் இடங்களைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. முன்னாலிருந்து பார்த்தால் கார் ஒரு வேட்டை மிருகம், முறைக்கிறது, பாயத் தயாராக நிற்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் பெண். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் முன்னதாக மாறிப் பின்னதைச் சொந்தமாக்கிக்கொள்கிறான். இதைக் கண்டுபிடிக்க ஃப்ராய்ட் தேவையில்லை. 1909-இல் பாரிஸின் 'ல ஃபிகாரோ' பத்திரிகையில் மரினெட்டி எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்டபோதே எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லியாயிற்று. பந்தயக் கார் பழைய கிரேக்கச் சிற்பத்தைவிட அழகானது என்று அறிவித்த அதே அறிக்கைதான் போரையும் பெண் வெறுப்பையும் போற்றியது. அவர் பின்னாளில் முசோலினியோடு போய்ச் சேர்ந்தது தற்செயல் அல்ல. இன்றைய ரசிகர்கள் எல்லோரும் பாசிஸ்டுகள் என்று நான் சொல்ல வரவில்லை. என் அக்கா மகன் கோழி அடிப்பதைக்கூடப் பார்க்க மாட்டான். ஒரு மொழி தான் எங்கே பிறந்தோம் என்பதை மறந்துவிட்டும் புழங்கிக்கொண்டிருக்கும் என்பதே என் கவலை.

ரசனையின் வர்க்கத்தைக் காட்ட ஒரே ஒரு உதாரணம் போதும். போர்ஷே 911 அறுபதுகளிலிருந்து வட்டக் கண்களோடு வந்துகொண்டிருந்த வண்டி. 1997-இல் வந்த, 996 என்று குறிக்கப்படும் மாதிரியில் முன்விளக்கின் வடிவம் மாறியது. ரசிகர்கள் கொதித்தார்கள், 'பொரித்த முட்டை' என்று பெயர் வைத்தார்கள். முட்டைதான் பிரச்சினையா? செலவைக் குறைப்பதற்காக, அதைவிட மலிவான பாக்ஸ்டர் வண்டியோடு முகப்பையும் விளக்கையும் அது பகிர்ந்துகொண்டிருந்தது. எதிரே வருவது 911-ஆ பாக்ஸ்டரா என்று தூரத்தில் தெரியாது. கூடக் காசு கொடுத்தவனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? சில ஆண்டுகளில் இரண்டுக்கும் வேறு வேறு விளக்கு வந்தது, 2004-இல் வட்டக் கண்ணும் திரும்பி வந்தது. ரசனை என்பது பிறரிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டும் வேலை என்று பியர் பூர்தியு நூற்றுக்கணக்கான பக்கங்களில் நிறுவியதை, இரண்டு விளக்குகள் நிறுவிவிடுகின்றன.

இதெல்லாம் சுலபம். நம் ஆட்கள் யாரும் எழுதிவிடக்கூடியது. எனக்குச் சிக்கலாக இருப்பது வேறொன்று, அது நம்முடைய ரொலான் பார்த்திடமிருந்தே தொடங்குகிறது.

1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் சித்ரோயன் டி.எஸ். காரை வைத்தார்கள். அந்த இரண்டு எழுத்துகளைப் பிரெஞ்சில் சேர்த்து உச்சரித்தால் 'தேவதை' என்று காதில் விழும். பார்த் அதைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார், 1957-இல் தொகுக்கப்பட்ட 'தொன்மங்கள்' நூலில் அது இருக்கிறது. இன்றைய கார், அன்றைய கோதிக் தேவாலயத்துக்குச் சமம் என்கிறார். பெயர் தெரியாத கலைஞர்கள் ஆக்கியது, ஒரு மக்கள் கூட்டமே அதன் பிம்பத்தை நுகர்கிறது. பிறகு வழவழப்பைப் பற்றிப் பேசுகிறார். பொருத்து தெரியாத பரப்பு நிறைவின் அடையாளமாகிறது, ஏனென்றால் பொருத்து தெரிந்தால் யாரோ உட்கார்ந்து பொருத்தியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். அதாவது தையல் தெரியாத ஆடை வானத்திலிருந்து விழுந்ததாக இருக்க வேண்டும். கூட்டம் அந்தத் தகரத்தைத் தடவிப் பார்த்ததை எழுதி, அந்தத் தடவலில் குட்டி முதலாளித்துவ உயர்வின் சைகையைக் கண்டு, கட்டுரையை முடித்துவிடுகிறார்.

பார்த் அறியாதவர் அல்ல. மனித உழைப்பு மறைக்கப்படுவது அவருக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் மறைந்தது எங்கே போனது என்று அவர் போய்ப் பார்க்கவில்லை. டி.எஸ். தயாரானது அதே பாரிஸில், ழவெல் கரையில் இருந்த ஆலையில். வடிவத்தைக் கொடுத்தவர் ஃப்ளாமினியோ பெர்தோனி என்ற சிற்பி, பொறியியல் பொறுப்பு அந்த்ரே லெஃபெவ்ருடையது. பெயர் தெரியாத கலைஞர்கள் என்றால் யார்? இவர்கள் பெயர் இன்று எல்லா ரசிகர்களுக்கும் மனப்பாடம். தகட்டை அடித்தவன், பற்றவைத்தவன், ராவியவன் அன்றும் பெயரில்லாதவன், இன்றும் அப்படித்தான். இரண்டு வகைப் பெயரின்மையையும் பார்த் ஒரே தேவாலயத்துக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்பை எடுத்துக்கொள்வோம். ரசிகர்கள் கூட்டத்தில் இதன் அழகை மறுத்துப் பேசிவிட்டு உயிரோடு திரும்ப முடியாது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-இல் ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. வளைவுகளை வரைந்தவர் மால்கம் சேயர், விமானக் கம்பெனியிலிருந்து வந்தவர். காற்றோட்டத்தைக் கணக்குப் போட்டு வளைவை எட்டியவர், தன்னை 'ஸ்டைலிஸ்ட்' என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. இதுவரை எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. அந்த வளைவு தகட்டில் எப்படி வந்தது? ஒரே வீச்சில் வார்த்தது போலத் தெரிகிற அந்த உடம்பு பல துண்டுத் தகடுகளை ஒட்டிப் பற்றவைத்தது. ஒட்டு விழுந்த இடங்களில் காரீயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைச் சூடுகாட்டிக் குழைத்து, மரத்தட்டையால் அப்பி, ஆறியதும் அரத்தால் ராவி ராவிச் சமன் செய்தார்கள். ராவும்போது பறப்பது காரீயத் தூள். அது மூச்சில் போகும், ரத்தத்தில் சேரும், நரம்பைத் தின்னும். ரசிகர்கள் 'கை வைத்தால் வழுக்குகிறது' என்று சிலாகிக்கும் இடம் இதுதான்.

என் தாய்மாமன் டிங்கரிங் பட்டறையில் இருந்தவர். அடிபட்ட வண்டியில் பட்டி பார்த்துத் தேய்த்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தகட்டைத் தடவுவார். 'கண்ணு ஏமாத்திரும்டா, கை சொல்லிரும்' என்பார். இதுவும் தடவல்தான். கண்காட்சியில் தடவுகிறவன் பொருத்து இல்லை என்று உறுதி செய்துகொள்கிறான், இவர் பொருத்து எங்கே மிச்சமிருக்கிறது என்று தேடுகிறார். பார்த்தின் குறியியலில் இந்த இரண்டாவது கைக்கு இடம் கிடையாது. புறநானூற்றில் ஔவை அதியமானைப் புகழும்போது, ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அவனை ஒப்பிடுகிறாள். மன்னனைப் புகழும் பாட்டுதான், அதிகாரத்தின் பாட்டுதான். ஆனாலும் சக்கரத்தின் மதிப்பு அங்கே தச்சனின் நாட்களால் அளக்கப்படுகிறது. ரசிகர்களின் பத்திரிகைகளில் மணிக்கு நூறு கிலோமீட்டரை எட்ட எத்தனை விநாடி என்ற கணக்கு மட்டும்தான் இருக்கிறது.

2024 நவம்பரில் ஜாகுவார் ஒரு விளம்பரம் வெளியிட்டது. பளீர் நிறங்களில் உடுத்திய மனிதர்கள் இருந்தார்கள், கார் இல்லை. டிசம்பரில் மயாமியில் டைப் 00 என்ற மின்சார மாதிரியை இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் காட்டினார்கள். ஆண் ரசிகர்கள் பட்ட துக்கம் சொல்லி மாளாது. செங்கல் என்றார்கள். இளஞ்சிவப்பைக் கண்டதும் வண்டியை விட்டுவிட்டுப் பால் அரசியலுக்குப் போய்விட்டார்கள், 'ஆண்மை போச்சு' என்பதுதான் அத்தனை வசைக்கும் அடிச்சொல். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஈ-டைப்பின் நீண்ட மூக்கு 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினுக்காக நீண்டது. டைப் 00-க்கு அந்த எஞ்சின் கிடையாது, மூக்கு மட்டும் அதேபோல் நீளமாக இருக்கிறது. குறிப்பான் மிஞ்சி, குறிப்பீடு போய்விட்டது. ஆக, நிறுவனமும் திட்டியவர்களும் ஒரே லிங்கத்தைத்தான் கும்பிடுகிறார்கள், சண்டை அதற்குச் சாத்துகிற துணியின் நிறத்தைப் பற்றியது. இன்னொன்று: ஜாகுவார் 2008 முதல் டாடாவின் சொத்து. அந்தச் சண்டைக்கு இரண்டு மாதம் முன்னால்தான், 2024 செப்டம்பர் 28 அன்று, ஜாகுவார் லேண்ட்ரோவர் வண்டிகளும் தயாராகும் என்ற அறிவிப்போடு ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே அரம் பிடிக்கப்போவது யார் என்பது ரசிகர்களின் விவாதப் பொருள் அல்ல. நம்முடைய விவாதப் பொருளாவது ஆகியிருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் வெளியே ஒரு கார் அழகியல் இருக்கிறதா? இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மெக்சிக்க வம்சாவளியினர் வளர்த்த லோரைடர்கள். பழைய அமெரிக்கக் கார்களை வாங்கி, தரையைத் தொடுகிற அளவு தாழ்த்தி, பளபளவென்று வர்ணம் பூசி, ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து போகிறவன் வேகத்தில் ஊர்வலம் போவது. வேகம்தான் அழகு என்ற பெருங்கதையாடலுக்கு நேர் எதிர். ஐம்பதுகளின் இறுதியில் அந்த மாநிலம் ஒரு சட்டப்பிரிவு கொண்டுவந்தது, எண் 24008. சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தாழக்கூடாது. போலீஸுக்கு இளைஞர்களை நிறுத்த ஒரு காரணம் கிடைத்தது. ரான் அகிர்ரே என்ற இளைஞர் விமான உதிரி பாகங்களிலிருந்து ஹைட்ராலிக் பம்பை எடுத்துத் தன் கோர்வெட்டில் பொருத்தினார். போலீஸ் வந்தால் பொத்தான், வண்டி மேலே ஏறும், போனதும் இறங்கும். கோர்வெட் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் என்பதையும் கவனிக்க வேண்டும். டி.எஸ்-ஸும் எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்குகிற வண்டிதான், நிறுத்தினால் மெல்லப் படுத்துவிடும். பாரிஸில் அது தேவதை, லாஸ் ஏஞ்சல்ஸில் அபராதச் சீட்டு. லோரைடர் பண்பாடு புனிதமானது என்று நான் சொல்லவில்லை, 1977-இல் தொடங்கிய 'லோரைடர்' இதழின் அட்டைகளில் நீச்சலுடைப் பெண்கள் எத்தனையோ ஆண்டுகள் நின்றார்கள். ஆனால் அங்கே பற்றவைத்தவனும் வர்ணம் பூசியவனும் ஓட்டுகிறவனும் பெரும்பாலும் ஒரே தெருக்காரர்கள், வேலை செய்தவன் பெயர் வண்டியோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது.

2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் அந்தத் தடையும், ஊர்வலத்துக்கு நகராட்சிகள் போட்டிருந்த தடைகளும் நீங்கின. இந்தப் படங்களை அக்கா மகனுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'இது காரே இல்ல மாமா, சர்க்கஸ்' என்றான். பிறகு படத்தைப் பக்கத்தில் இழுத்து, 'இந்தப் பம்பு எங்க வச்சிருப்பாங்க?' என்று கேட்டான்.