ஆயிலும் ஒயிலும்

மதுரையில் அது கியர் ஆயில். யாழ்ப்பாணத்தில் கியர் ஒயில். உச்சரிப்பு வேறு, எண்ணெய் ஒன்றே. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சர்வோ, லங்கா ஐஓசி வழியாக இலங்கையிலும் விற்கிறது. ஆனால் எந்த டப்பாவைத் திறப்பது என்பதை இரு கரைகளிலும் ஒரே விதமாக முடிவு செய்வதில்லை.

இந்தியாவில் வண்டியைப் புதிதாக வாங்குபவர் கையில் கையேடும் சேர்ந்தே வருகிறது. மாருதி ஆல்ட்டோ முன்சக்கர இழுவை வண்டி. கியர்களும் டிஃபரென்ஷியலும் ஒரே பெட்டியில், ஒரே எண்ணெயில் சுழல்கின்றன. கியர் ஆயிலில் ஜிஎல்-4 தரம் போதும். மாருதியின் ஆம்னி வேன் அப்படியல்ல. அதன் பின் அச்சில் உள்ளது ஹைபாய்டு பற்சக்கரம். பற்கள் வழுக்கியபடியே கடுமையாக அழுத்துவதால் அங்கே ஜிஎல்-5 தேவை. ஒரே வண்டிக்கு இரண்டு டப்பா.

இலங்கையிலும் ஆல்ட்டோக்கள் ஓடுகின்றன. வேன்களில் பலவும் ஜப்பானில் ஓடிவிட்டு வந்த டொயோட்டா ஹைஏஸ். அதன் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். பல வண்டிகளில் அதுவும் இருக்காது. ஆகவே கராஜ்காரரின் அனுபவமே கையேடாகிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் பழைய கியர் பெட்டிகளைக் காப்பாற்றியே ஓட்ட வேண்டியிருந்தது.

இரு நாட்டிலும் நடக்கும் பிழை ஒன்று உண்டு: நான்கைவிட ஐந்து உயர்ந்தது என்று நம்பி, எல்லாவற்றுக்கும் ஜிஎல்-5 ஊற்றுவது. அதில் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஏறக்குறைய இரு மடங்கு. சில வகை ஜிஎல்-5 எண்ணெய்கள், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன்படுத்தும் சின்க்ரோ வளையத்தின் பித்தளையைச் சூட்டில் அரிக்கும். வழுக்கல் கூடினால் வளையம் பிடிக்காது. இரண்டாம் கியர் கரகரக்கும். இரண்டு தரத்தையும் ஏற்கும் பெட்டிகளும் உள்ளன, ஆனால் அதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும்.

டப்பாவில் உள்ள 80டபிள்யூ என்பது பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரி குளிருக்கான அளவீடு. ஊட்டியோ நுவரெலியாவோ அந்தக் குளிரை அறியாது. நம் வெயிலில் பார்க்க வேண்டியது பின்னால் வரும் 90.

பஜாஜ் ஓட்டோ இரு கரைக்கும் பொதுச் சொத்து. நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் வண்டியில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே எஞ்சின் ஆயில்தான். கியர் ஆயிலுக்கு அங்கே இடமில்லை. கியர் மாற்ற இடக்கைப் பிடியைத் திருகும்போது இறுகினால் பலர் பழியை ஆயில்மீது போடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி, பிடிக்குள் காய்ந்து மண்ணோடு கலந்த கிரீஸ். பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு, இரண்டாம் எண் லித்தியம் கிரீஸை மெல்லப் பூச வேண்டும். மேலேயே அப்பினால் மணல்தான் சேரும், தேய்மானம் கூடும்.

இறக்குமதியாகும் ஒவ்வொரு வேனின் கதவோரத்திலும், எந்தப் பெட்டிக்கு எந்த ஜிஎல், எத்தனை லீட்டர் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு ஒட்டுத்தாள் இருக்க வேண்டும். ஆல்ட்டோக்காரருக்குக் கையேட்டில் ஒரு பக்கமாகக் கிடைப்பது, ஹைஏஸ்காரருக்கு அந்தத் தாளிலாவது கிடைக்கட்டும்.