வேலை தேடியதற்கு அத்தாட்சி

வேலையிழந்தவனுக்கு உதவித்தொகை அளிக்கும் அரசாங்கம், அவன் உழைக்க மனமுள்ளவன்தானா என்று விசாரிப்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை. கொடுக்கப்படுவது பிறர் உழைத்துச் செலுத்திய வரிப்பணம். ஆனால் அந்த மனத்தை எதைக்கொண்டு அளப்பது என்ற பிரச்னையில் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு நூற்றாண்டாகத் திரும்பத் திரும்ப இடறி வந்திருக்கிறது.

தான் மெய்யாகவே வேலை தேடுகிறவன் என்பதை மனுதாரனே ருசுப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை அந்நாட்டில் 1921-இல் சட்டமாயிற்று. 1926-இன் நீண்ட கதவடைப்புக்குப் பின் நிலக்கரிச் சுரங்கங்கள் பல மூடப்பட்டுக் கிடந்த தெற்கு வேல்ஸில், எங்கும் ஆள் எடுப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயமாயிருந்தும், சுரங்கத் தொழிலாளி வாயில் வாயிலாக ஏறி இறங்கி, எங்கெங்கே கேட்டோம், என்ன பதில் கிடைத்தது என்பதையெல்லாம் நினைவில் நிறுத்தி, விசாரணைக் குழுவின் முன் ஒப்பிக்க வேண்டியிருந்தது. சொல்வன்மை உள்ளவன் தப்பினான். கால் தேய அலைந்தும் எடுத்துச் சொல்லத் தெரியாதவன் தன் குழந்தைகளின் ஆகாரத்தை இழந்தான். 1930 வரையில் ஏறக்குறைய 30 லட்சம் மனுக்கள் இந்த ஒரு காரணத்தால் தள்ளுபடியாயின.

இம்முறையை ஆதரிப்போர் கூறும் நியாயத்தில் சாரம் உண்டு. நெடுநாள் வேலையின்றி இருப்பவன் மெல்ல மெல்லத் தன்னம்பிக்கை குன்றி, மனிதர்களையே தவிர்க்கத் தொடங்குகிறான். அவனை அழைத்து உட்காரவைத்து, விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்து, இன்ன இடத்தில் ஆள் தேவை என்று சொல்லும் ஓர் அதிகாரி இருப்பாரானால், அது பேருபகாரம். உபகாரம் செய்வது அந்தச் சந்திப்பே, தண்டனைப் பயமன்று.

இன்று பிரிட்டனில் நடைமுறையிலுள்ள யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகைத் திட்டத்தில், வேறு பொறுப்புகள் இல்லாத ஒருவர் பொதுவாக வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை தேடியாக வேண்டும். தேடியதைக் கணினியில் பதிந்து காட்டவும் வேண்டும். தவறினால் தொகை நிறுத்தப்படும். மூன்றாண்டு வரை நிறுத்தி வைக்க 2012-இல் வகை செய்த அரசாங்கமே 2019-இல் அதனை ஆறு மாதமாகக் குறைத்துக்கொண்டது. மணிக்கணக்கை நிரப்புவதே நோக்கமாகிவிட்ட பிறகு, தகுதிக்கும் ஊருக்கும் பொருந்தாத இடங்களுக்கெல்லாம் விண்ணப்பங்கள் பறக்கின்றன. அனுப்பியவனுக்கும் பயனில்லை, அவற்றைப் புரட்டிப் பார்க்கும் முதலாளிக்கும் பயனில்லை. கென் லோச் 2016-இல் எடுத்த 'ஐ, டேனியல் பிளேக்' திரைப்படத்தில், கடை கடையாக நடந்து வேலை கேட்ட முதிய தச்சன், அதற்கு அத்தாட்சி காட்ட இயலாமல் தண்டிக்கப்படுகிறான். தெற்கு வேல்ஸின் பழைய அநீதியே வேறு உருவத்தில் அங்கு நிற்கிறது.

உதவி பெறுவோர் எண்ணிக்கை குறைந்ததை வெற்றியாகக் காட்டுவோரும் உண்டு. 1996-இல் வேலை தேடுவோர் உதவித்தொகை என்ற கடுமையான ஏற்பாடு வந்தபோதும் பதிவேட்டில் பெயர்கள் குறையத்தான் செய்தன. ஆயினும் அதனை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஆலன் மானிங், விலகியவர்கள் வேலைக்குப் போனார்கள் என்பதற்குச் சான்று காணவில்லை. பெயர் நீங்கியது, வறுமை நீங்கியதென்று யார் சொல்வது?

இதற்கு ஒரு மாற்று வழியையும் அந்நாடே ஒருமுறை கண்டது. 1930-இல் தொழிற்கட்சி அரசாங்கம் பழைய நிபந்தனையை நீக்கி, தகுந்த வேலை ஒன்றை அலுவலகம் அறிவித்து, அதனை மனுதாரன் காரணமின்றி மறுத்தால் மட்டுமே தொகையை நிறுத்தலாம் என்று விதித்தது. நிரூபிக்கும் பாரம் பசித்தவன் தோளிலிருந்து அலுவலகத்தின் தோளுக்கு மாறியது. வேலையைக் காட்ட இயலாத அரசாங்கத்துக்கு, அதைத் தேடவில்லை என்று ஒருவனைத் தண்டிக்கும் அதிகாரம் இருத்தலாகாது.