பதின்மூன்று வயதில் யார் வருகிறார்கள்?

ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து, ஒரு தாள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் 1987இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம், இரண்டு வயது வரையான குழந்தையைச் சோதிக்கக் கேட்பது இவ்வளவுதான். தாளில் 17 செயல்கள் கோடுகளாக இருக்கும். குழந்தையின் மாதக் கணக்குக்கு நேராகப் பேனாவைச் செங்குத்தாக வைத்தால், இடப்பக்கம் விழுவதெல்லாம் அதற்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். அங்கன்வாடி ஊழியரே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

தாளுக்குத் தெரிவது அன்றைய குழந்தை மட்டுமே. எடை குறைந்து பிறந்தவர்களை இதே மையம் 13 வயதிலும் தேடிப் பார்த்தது; பெரியவர்களுக்கு வரும் நோய்களின் அறிகுறி அப்போதே தென்படுகிறதா என்று கவனித்தது. நான் பெரிதாக மதிப்பது இந்த வேலையைத்தான்.

காரணத்தை டெல்லி சொல்கிறது. அங்கே 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வு 2004இல் வெளியானது. இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பிறகு வேகமாகச் சதை பிடித்தவர்களிடமே பெரியவர்களானதும் சர்க்கரைக் கோளாறு அதிகம் இருந்தது. 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடக் குண்டு இல்லை! பள்ளிக்கூட முகாமில் ஒருமுறை எடை பார்ப்பவர் கண்ணில் இவர்கள் படவே மாட்டார்கள்.

ஆனால் அந்த டெல்லி ஆய்வில் பதிவான குழந்தைகள் 8,181. கடைசியில் சோதிக்கப்பட்டவர்கள் 1,492. மற்றவர்கள் எங்கே? வாடகை வீடு மாறியவர்கள், பிழைப்புக்கு ஊர்விட்டுப் போனவர்கள் எந்த ஆய்விலும் முதலில் நழுவுவார்கள். வளைகுடாவுக்குப் பலர் போய்விட்ட கேரளத்தில் இதைச் சின்னக் குறை என்று தள்ள முடியாது. ஊன்றி நின்ற குடும்பங்களின் கணக்கை எல்லாருடைய கணக்காக வாசித்தால், அதிகம் கவனிக்கப்பட வேண்டிய பிள்ளையே விடுபடும்.

இன்னொரு குறை என்னை மேலும் உறுத்துகிறது. கைக்குழந்தையை ஆய்வில் சேர்க்க அம்மா சம்மதித்தாள். இடுப்பைச் சுற்றி டேப் வைக்கும்போது கூசி நிற்பவளோ 13 வயதுப் பெண். 12 வயதைத் தாண்டிய பிள்ளையிடம் எழுத்தில் இசைவு வாங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை சொல்கிறது. அந்த இசைவுத் தாளை அவளுக்கு வாசித்துக் காட்டி, வேண்டாம் என்று சொல்லவும் இடம் கொடுங்கள். சோதனை முடிவை அவள் கையிலேயே, அவளுக்குப் புரியும் மொழியில் கொடுங்கள். காணாமல்போன வீடுகளைத் தேடி நடக்கும் களப்பணியாளருக்கு மூன்றாண்டுத் திட்டச் சம்பளம் போதாது. நிரந்தர வேலை கொடுங்கள்.